அடைக்கோழி

அடைக்கோழி என்பது முட்டையிட்டு முடித்தபின், அம்முட்டைகளின் மேல் அமர்ந்து 21 நாட்கள் உடற்சூடு கொடுத்துக் குஞ்சு பொரிக்கும் பெட்டைக்கோழி ஆகும். பொரித்த குஞ்சுகளை இரண்டு மாதம் வரை கூட்டிச் சென்று மேய்த்து, பருந்திடமிருந்தும் காக்கையிடமிருந்தும் காப்பதும் அதுவே. இரண்டு மூன்று கோழிகளுடன் தொடங்கும் ஒரு வீடு, வெளியிலிருந்து குஞ்சு வாங்காமலே ஆண்டிறுதியில் இருபது முப்பது கோழிகளைக் கொண்டிருப்பதற்கு அடைக்கோழியே காரணம். இந்தியாவில் மின்சாரப் பொரிப்பகங்கள் பரவும் வரை நாட்டுப்புறத்தில் கோழி பெருகிய வழி இது ஒன்றுதான்.

வணிகப் பண்ணைகளின் கண்ணில் இதே இயல்பு ஒரு குறை. அடையில் அமர்ந்த கோழி முட்டையிடாது. ஆகவே கடந்த நூறாண்டுக் கோழி வளர்ப்பு அறிவியல் இவ்வியல்பை இனத்திலிருந்தே களைய முயன்று, பெருமளவு வெற்றியும் பெற்றது. அந்த வெற்றி கொல்லைப்புறத்தில் நான்கு கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு என்ன செய்தது என்பது அடைக்கோழியின் வரலாற்றில் முக்கியமான பகுதி.

சொல்லும் வழக்கும்

'அடை' என்னும் சொல்லுக்குச் சேர்ந்திருத்தல், தங்குதல் என்னும் பொருள்கள் உண்டு. 'அடைகாத்தல்', 'அடை வைத்தல்', 'அடையில் உட்காருதல்' ஆகியவை தமிழகத்தின் வடபகுதியிலும் புதுச்சேரியிலும் பொதுவாக வழங்குபவை. தென் மாவட்டங்களில் 'அவயம் காத்தல்' என்றும் சொல்வர். அடைக்கு ஆயத்தமான கோழி எழுப்பும் தாழ்ந்த, விட்டுவிட்டு ஒலிக்கும் குரலுக்குக் 'கேறுதல்' என்று பெயர். முட்டையிட்டவுடன் ஊரைக் கூட்டும் கொக்கரிப்பு வேறு, இது வேறு. பழக்கப்பட்டவர்கள் கோழியைப் பார்க்காமலே, குரலை மட்டும் கேட்டு, "கேற ஆரம்பிச்சிடுச்சு" என்று சொல்லிவிடுவார்கள்.

பொரியாமல் கெட்டுப்போன முட்டை கூமுட்டை. 'கூழ்முட்டை' என்பதே மருவி இவ்வாறு ஆயிற்று. பாடம் ஏறாத மாணவனை இச்சொல்லால் திட்டும் வழக்கம் பள்ளிக்கூடங்களில் நெடுநாள் இருந்தது. முட்டை கூழானதற்கு முட்டை பொறுப்பல்ல என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

தொல்காப்பிய மரபியல், பறவைகளின் பெண்பாற் பெயர்களை வகுக்கும்போது 'அளகு' என்னும் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாகச் சொல்கிறது. பெட்டைக்கோழிக்கென ஒரு தனிப்பெயர் இலக்கணத்தில் இடம்பெறும் அளவுக்கு அது வீட்டோடு சேர்ந்த உயிராக இருந்திருக்கிறது. சோழர் தலைநகரான உறையூருக்குக் கோழி என்ற பெயர் உண்டு. முருகனின் கொடியில் இருப்பது சேவல். பெருமை எல்லாம் சேவலுக்குப் போயிற்று. குடும்பத்தைப் பெருக்கியது அளகு.

காட்டுக்கோழியும் புதுச்சேரியும்

வீட்டுக்கோழியின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சியில் புதுச்சேரிக்கு எதிர்பாராத ஓர் இடம் உண்டு. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னெரா 1774 முதல் 1781 வரை இந்தியாவிலும் கீழை நாடுகளிலும் பயணம் செய்தார். 1782-இல் பாரிசில் வெளிவந்த அவரது பயண நூலில் தென்னிந்தியக் காட்டுக்கோழியை விவரித்து, வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே என்று கருதினார். அவர் 1786-இல் மீண்டும் இந்தியா வந்து, 1813 வரை இங்கிருந்தார். அவ்வாண்டில்தான் டச்சு விலங்கியலாளர் தெம்மிங்க் அப்பறவைக்குக் காலசு சொன்னெராட்டி என்று பெயரிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் இன்றும் காணப்படும் சாம்பல் காட்டுக்கோழி அதுவே.

சொன்னெராவின் கருத்து நிலைக்கவில்லை. சார்லஸ் டார்வின் 1868-இல் வெளியிட்ட நூலில், வீட்டுக்கோழி செங்காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்ற முடிவுக்கு வந்தார். 2020-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, செங்காட்டுக்கோழியின் உட்பிரிவுகளுள் தென்மேற்குச் சீனம், வடதாய்லாந்து, மியன்மா பகுதிகளில் வாழும் ஒன்றையே நெருங்கிய மூதாதையாகக் காட்டியது. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த எலும்புகள், ஏறத்தாழ கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டவை, வீட்டுக்கோழியின் மிகப் பழைய உறுதியான சான்றாக 2022-இல் அறிவிக்கப்பட்டன. நெல்லும் தினையும் பயிரிட்ட இடத்துக்குத் தானியம் தேடி வந்த காட்டுக்கோழியே மனிதனோடு தங்கியது என்பது அவ்வாய்வாளர்களின் விளக்கம்.

எனினும் சொன்னெரா முழுவதும் தவறிவிடவில்லை. பல வீட்டுக்கோழிகளின் காலிலும் தோலிலும் காணப்படும் மஞ்சள் நிறத்துக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். முற்றத்தில் மேயும் மஞ்சள் கால் கோழியின் உடலில் தென்னிந்தியக் காட்டின் பங்கும் இருக்கிறது.

அடைகாக்கும் இயல்பு அந்தக் காட்டு வாழ்விலிருந்து வந்தது. காட்டுக்கோழி ஓர் ஈட்டில் சில முட்டைகளே இடும். அவற்றை உடனே அடைகாக்கும். நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் 12 முதல் 15 முட்டை வரை இடுகிறது. தினம் ஒன்றாக இட்டும் எல்லா முட்டையும் ஒரே நாளில் பொரிப்பது எப்படி என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். கோழி நிலையாக அமரும் வரை முட்டைக்குள் இருக்கும் கரு வளராமல் உறங்குகிறது. அமர்ந்தபின் எல்லாம் ஒன்றாக விழிக்கின்றன.

கூட்டில் முட்டை சேர்வதைக் கண்ணாலும் வயிற்றின் தோலாலும் கோழி உணரும்போது, மூளையின் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் இயக்குநீர் மிகுகிறது. முட்டைப்பை சுருங்குகிறது, வயிற்றில் இறகு உதிர்ந்து தோல் வெளிப்பட்டு இரத்த ஓட்டம் கூடுகிறது. பாலூட்டிகளில் பால் சுரக்கச் செய்வதும் இதே இயக்குநீர்தான். அடைக்கோழி நாளுக்கு ஒருமுறை, கால் மணி முதல் அரை மணி நேரம் மட்டும் இறங்கி, இரை எடுத்து, நீர் குடித்து, கெட்ட நாற்றத்தோடு பெரிய எச்சமிட்டு, மண்ணில் புரண்டுவிட்டுத் திரும்பும். முட்டைகளை நாள்தோறும் பலமுறை அலகால் புரட்டும். மூன்று வாரத்தில் உடல் மெலியும். பொரிப்பதற்கு முன்பே முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கத்த, தாய் கேறிப் பதில் கொடுக்கும். தாயின் குரலைக் குஞ்சு அறிந்துகொள்வது ஓட்டுக்கு வெளியே வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

அடை வைக்கும் முறை

அடை வைத்தலில் முதல் வேலை முட்டையைச் சேர்த்துவைப்பது. கோழியிட்ட முட்டைகளை அன்றன்று எடுத்து, கூட்டில் ஒன்றை மட்டும் விட்டுவைப்பார்கள். அது இருந்தால் கோழி இடம் மாறாது. எடுத்த முட்டை தவிட்டிலோ கேழ்வரகிலோ புதைத்த நிலையில், காற்றோட்டமுள்ள மூலையில் இருக்கும்.

புதுச்சேரி போன்ற கடலோர வெப்பப் பகுதியில் இங்குதான் பெரும் இழப்பு ஏற்படுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் வீட்டுக்குள்ளேயே 35 பாகையைத் தாண்டும்போது, உறங்க வேண்டிய கரு அரைகுறையாக விழித்து வளர்ந்து, பிறகு இறந்துவிடுகிறது. கோழி நன்றாக உட்கார்ந்தும் பாதி முட்டை கூமுட்டையாவதற்குப் பெரும்பாலும் சேமித்த முறையே காரணமாக இருக்கும். பழியோ கோழியின் மேலும், சேவலின் மேலும், சில சமயம் முட்டையைப் பார்த்த அண்டைவீட்டுக்காரரின் கண்ணின் மேலும் விழும். ஈரமணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் முட்டையை வைத்துத் துணியால் மூடுவது இதற்குக் கண்டறிந்த எளிய வழி. நீர் ஆவியாகிப் பானை குளிர்ந்திருக்கும். அப்படியும் கோடையில் ஐந்து நாளைக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு வைக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்வதே நல்லது. குளிர்காலத்தில் பத்து நாள் வரை தாங்கும்.

கூடையிலோ, உடைந்த பானையின் அடிப்பாகத்திலோ மணலும் சாம்பலும் பரப்பி, மேலே வைக்கோல் இட்டு, நடுவில் சிறு பள்ளமாக அமைப்பர். செள்ளு வராமல் இருக்க வேப்பிலையோ வசம்போ போடுவதுண்டு. செள்ளு பிடித்தால் கோழி அடையை விட்டு எழுந்துவிடும். ஆகையால் இது சடங்காகத் தோன்றினாலும் தேவையான வேலை. கூடைக்குள் ஓர் இரும்புத்துண்டு, கரித்துண்டு, காய்ந்த மிளகாய் ஆகியவற்றை வைப்பது இடியின் அதிர்ச்சி முட்டையைத் தாக்காமல் இருக்க என்று சொல்வர். இடியால் முட்டை கெடும் என்ற நம்பிக்கை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியக் குடியானவர்களும் கூட்டில் இரும்பு வைத்தனர். கரி ஈரத்தை இழுக்கும் என்று ஒரு காரணம் சொல்லலாம். இரும்புக்கு அப்படியொன்று சொல்ல இயலவில்லை. இடி இடிக்கும் காலத்தில் கூமுட்டை மிகுவதற்கு, அப்போதுள்ள புழுக்கமும் கூட்டுக்குள் இறங்கும் ஈரமும் போதிய காரணங்கள்.

முட்டையின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படையில், 9, 11, 13 என இருக்கும். வட்டமாக அடுக்கும்போது ஒற்றைப்படை நன்றாக அமையும் என்பர். உண்மையில் பார்க்க வேண்டியது, எல்லா முட்டையும் கோழியின் இறக்கைக்குள் அடங்குகிறதா என்பதே. ஆசைப்பட்டு இருபது வைத்தால், கோழி புரட்டும்போது முட்டைகள் முறைவைத்து வெளியே தள்ளப்பட்டு ஒவ்வொன்றாகக் குளிர்ந்து, கடைசியில் பத்துகூடத் தேறாது.

ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளியில் பார்ப்பது அடுத்த கட்டம். முன்பு அரிக்கேன் விளக்கும் சுருட்டிய காகிதமும். இப்போது கைப்பேசியின் விளக்கு. சிலந்திவலை போல் சிவந்த நரம்பு தெரிந்தால் கரு வளர்கிறது. தெளிந்திருந்தால் கரு இல்லை, எடுத்துவிடலாம். அழுகிய முட்டை கூட்டுக்குள் வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும்.

கோழியின் இடத்தை மாற்ற வேண்டுமானால் இரவில்தான் மாற்ற வேண்டும். பகலில் தூக்கிச் சென்றால் பழைய இடத்துக்கே ஓடிவிடும். அதேபோல் வேறு கோழியின் குஞ்சையோ, கடையில் வாங்கிய ஒருநாள் குஞ்சையோ தாயிடம் சேர்ப்பதும் இருட்டிய பிறகே. விடிந்து பார்க்கும் கோழி தன் இறக்கைக்குள் இருப்பவை எல்லாம் தன் குஞ்சுகளே என்று எடுத்துக்கொள்ளும். வாத்து முட்டையை வைத்தாலும் 28 நாள் பொறுமையாக இருந்து பொரிக்கும். பின்னர் வாத்துக்குஞ்சுகள் குட்டையில் இறங்கும்போது கரையில் நின்று பதறும். பண்ணை வாத்துகள் பெரும்பாலும் தாமே அடைகாப்பதில்லை என்பதால், வாத்து மேய்ப்போர்க்கு நெடுங்காலம் நாட்டுக்கோழியே பொரிப்பகமாக இருந்தது. வான்கோழி, கினிக்கோழி முட்டைகளுக்கும் இதே வழி.

பெருக்கத்தின் கணக்கு

நாட்டுக்கோழி ஓர் ஈட்டு முட்டையை இட ஏறத்தாழ மூன்று வாரம். அடையில் மூன்று வாரம். குஞ்சோடு திரிவது எட்டு முதல் பத்து வாரம். பிறகு உடல் தேறச் சில நாட்கள். ஒரு சுற்று நான்கு மாதத்தை எட்டுவதால் ஆண்டுக்கு மூன்று ஈடு. முட்டை நாற்பதுக்குச் சற்று மேல். ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடும் பண்ணைக்கோழியோடு ஒப்பிட்டால் இது நகைப்புக்குரிய எண். ஆனால் அந்த முந்நூறிலிருந்து ஒரு குஞ்சும் தானாக வராது.

குஞ்சுகளை மூன்று நான்கு வாரத்தில் தாயிடமிருந்து பிரித்துத் தனியே வளர்த்தால் கோழி விரைவில் மீண்டும் முட்டைக்கு வரும். ஆண்டுக்கு நான்கு ஈடு, சில சமயம் ஐந்துகூட இயலும். இதற்குக் கைதேர்ந்தவர்கள் இன்னொரு உத்தியும் செய்வர். இரண்டு கோழிகளை ஒரே நாளில் அடை வைத்து, பொரித்தபின் இரண்டின் குஞ்சுகளையும் ஒரே தாயிடம் விடுவார்கள். பதினைந்து இருபது குஞ்சுகளை ஒரு கோழி மேய்க்கும். மற்றது சில நாளில் கேறுவதை நிறுத்திவிட்டு முட்டைக்குத் திரும்பும்.

கேறுவதை நிறுத்துவதற்கென்றே நாட்டில் பல முறைகள் உண்டு. தண்ணீரில் முக்கி எடுப்பது, கூட்டைக் கலைத்து வெளிச்சமான இடத்தில் கட்டிவைப்பது ஆகியவை கோழியின் வயிற்றுச் சூட்டைத் தணித்துப் பலன் தருபவை. மூக்குத் துளையில் இறகைச் செருகிவிடும் வழக்கமும் இருந்தது. அது வெறும் கொடுமை, கைவிடப்பட வேண்டியது. காற்றோட்டமுள்ள அடிப்பக்கம் கொண்ட கூண்டில் மூன்று நான்கு நாள் அடைத்து, தீவனமும் நீரும் கொடுத்தாலே போதும்.

கணக்கில் பெரிய துண்டு விழுவது பொரித்தபின்தான். பன்னிரண்டு முட்டையில் ஒன்பது பத்து பொரிப்பது அரிதல்ல. அவற்றில் விற்கும் பருவம் வரை எத்தனை தேறும் என்பதே வீட்டுக்கு வீடு வேறுபடும். பருந்து, காகம், கீரி, பூனை, மழை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு போகும். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழையில் பொரித்த குஞ்சு நனைந்து விறைப்பது புதுச்சேரிப் பக்கம் வழக்கம். ஆதலால் மழை ஓய்ந்தபின் அடை வைத்து, வெயில் கடுமையாகுமுன் குஞ்சு எடுப்பதே சிறந்தது. முதல் இரண்டு வாரம் தாயையும் குஞ்சையும் மூங்கில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் இழப்பில் பெரும்பகுதி நின்றுவிடும். நொய்யும் குருணையும் தூவுவதோடு, பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, நீர் தெளித்து, கரையான் புற்றருகே கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும். செலவின்றிக் கிடைக்கும் புரதம் இது.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று பழமொழி சொன்னாலும், எடை மிகுந்த பெருஞ்சாதிக் கோழிகள் மெல்லிய ஓட்டு முட்டையை உடைப்பதும், முதல் ஈட்டுக் கோழி குஞ்சை மிதித்துவிடுவதும் உண்டு. அடைக்கு இரண்டாம் ஈட்டுக் கோழியைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

கோழிக்காசு

கொல்லைக்கோழியின் வருமானம் பெரும்பாலான வீடுகளில் பெண்கள் கையில் இருந்தது. நெல் விற்ற பணம் வீட்டுத் தலைவரிடம் போகும். முட்டையும் கோழியும் விற்ற காசு அஞ்சறைப் பெட்டியில் தங்கும். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம், வைத்தியச் செலவு, திருவிழாவுக்கு வளையல் எனக் கணக்கில் வராத செலவுகளை அது தாங்கியது.

நிலமும் மாடும் இல்லாதவர்கள் கோழியை வாரத்துக்கு வாங்கி வளர்க்கும் முறையும் தமிழகத்துக் கிராமங்களில் இருந்தது. கோழி உடையவர் ஒரு பெட்டையை இன்னொருவரிடம் விடுவார். அது பொரிக்கும் குஞ்சுகள் வளர்ந்தபின் இருவருக்கும் பாதிப் பாதி. கையில் காசே இல்லாத ஒரு பெண் ஓராண்டில் தனக்கென மூன்று நான்கு கோழிகளுக்கு உரிமையாளர் ஆக முடிந்தது. இந்த ஏற்பாடு முழுவதும் கோழி தானே அடைகாக்கும் என்ற ஒன்றின் மேல் நின்றது. முட்டை மட்டும் இடும் கோழியை வாரத்துக்கு விட்டால் பங்கிட எதுவும் பெருகாது.

இந்தச் சிறு முதலை ஒரே வாரத்தில் அழிக்கக்கூடியது வெள்ளைக் கழிச்சல் நோய். 1920-களின் பிற்பகுதியில் இந்தியாவில் இமயமலை ஊரான ராணிக்கேத்தில் இனங்காணப்பட்டதால் இதற்கு ராணிக்கேத் நோய் என்று பெயர் வந்தது. இங்கிலாந்தில் நியூகாசில் நோய் என்பர். அதே மலைப்பகுதியிலுள்ள முக்தேசுவர் ஆய்வகத்தில் 1940-களில் தடுப்பூசி உருவானது. மருந்து இருந்தும் கொல்லைக்கோழிக்கு எட்டாமல் போனதற்குக் காரணம் அதன் அளவு. ஒரு குப்பி நூறு கோழிக்கும் மேல். குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். உடைத்தால் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். எட்டுக் கோழி உள்ள வீடு இதை வாங்காது. ஒரு தெருவில் உள்ளவர்கள் ஏறத்தாழ ஒரே வாரத்தில் அடை வைத்தால், குஞ்சுகளுக்கு ஏழாம் நாளில் கண்ணில் ஒரு சொட்டும், எட்டாம் வாரத்தில் ஊசியும் எனக் குப்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். அடைக்கோழிகளை ஒருங்கே வைப்பதில் இப்படியும் ஒரு நன்மை இருக்கிறது.

குணம் குறையான கதை

கோழி இல்லாமல் குஞ்சு பொரிக்கும் கலை புதியதன்று. எகிப்தியர் களிமண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தனர். அதைப் பிரான்சில் செய்துகாட்ட விரும்பிய ரெயமூர், குதிரைச் சாணத்தின் சூட்டில் முட்டை பொரிக்கும் முறையை 1749-இல் நூலாக வெளியிட்டார். ஆனால் தொழிலாக மாறியது 1879-க்குப் பிறகுதான். அவ்வாண்டில் கலிபோர்னியாவின் பெட்டலூமா நகரில் லைமன் பைஸ் என்பவர் வெப்பத்தைத் தானே சீராக்கும் பொரிப்புப் பெட்டியை உருவாக்கினார். பெட்டி பொரிக்கத் தொடங்கியதும், கோழி மூன்று வாரம் உட்கார்ந்திருப்பது பண்ணையாளருக்கு நட்டமாகத் தெரிந்தது. உட்காராத கோழிகளையே தேர்ந்து இனப்பெருக்கம் செய்தனர். இத்தாலியத் துறைமுகம் ஒன்றின் பெயர் கொண்ட வெள்ளை லெக்ஹார்ன் இனம் இதனால் உலகெங்கும் பரவியது.

தமிழ் வழங்கும் பகுதியில் இம்மாற்றத்தின் தொடக்க மையங்களுள் ஒன்று மார்த்தாண்டம். அன்றைய திருவிதாங்கூரில் இருந்த அவ்வூரில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் நடத்திய கிராமச் சீரமைப்பு மையம், தேனீ வளர்ப்போடு கோழி வளர்ப்பையும் உழவர்களிடையே பரப்பி, முட்டை விற்பனைக்குக் கூட்டு ஏற்பாடும் செய்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் அயலினக் கோழியின் முட்டையையும் நாட்டுக்கோழியின் அடியில் வைத்துத்தான் பொரிக்க வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பின் நாமக்கல் எழுந்தது. 1971-இல் தொடங்கப்பட்ட வெங்கடேசுவரா ஹேச்சரீஸ் போன்ற நிறுவனங்கள் அயல்நாட்டு வீரியக் கலப்பினங்களை நாட்டுக்குள்ளேயே பெருக்கின. 1989-இல் தமிழகச் சத்துணவில் முட்டை சேர்ந்தது. இலட்சக்கணக்கான பிள்ளைகளின் தட்டில் விழுந்த அந்த முட்டைகளை அடைகாக்கும் கோழியால் தந்திருக்க முடியாது. அடைகாக்காத கோழியின் பயனை மறுப்பது நேர்மையாகாது.

சிக்கல் தொடங்கியது அதே அளவுகோலைக் கொல்லைப்புறத்துக்கும் கொண்டுவந்தபோது. கிராமத்து வீடுகளுக்கென்று பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் கிரிராஜாவையும், ஐதராபாத்திலுள்ள மத்திய நிறுவனம் வனராஜா, கிராமப்பிரியா ஆகியவற்றையும் உருவாக்கின. இவை திறந்தவெளியில் மேய்பவை. நாட்டுக்கோழியைவிட எடையும் முட்டையும் மிகுந்தவை. ஆனால் அடையில் அமரா. ஒவ்வொரு முறையும் குஞ்சுக்குப் பொரிப்பகத்தையோ அரசுத் திட்டத்தையோ எதிர்பார்க்க வேண்டும். இவற்றின் சேவல் தெருவில் திரிந்து நாட்டுப்பெட்டையோடு சேரும்போது பிறக்கும் பெட்டைகளில் அடைகாக்கும் இயல்பு மங்கிப்போகிறது. வீட்டுக்காரருக்கு இது உடனே தெரிவதில்லை. குஞ்சு வளர்ந்து, முட்டையிட்டு, இட்டுக்கொண்டே இருந்து, கேறாமலே போகும்போதுதான் தெரியும். அதற்குள் தாய்க்கோழி குழம்பாகியிருக்கும்.

புதுச்சேரியும் மேட்டுப்பாளையமும்

புதுச்சேரிப் பகுதி 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தது. இருபது ஆண்டுக்குப் பின், 1974-இல், நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் புதுச்சேரியில் அமைந்தது. இன்று அந்நிலையம் பெருந்தலைவர் காமராசர் பெயரில் குரும்பாபேட்டில் இயங்குகிறது. 1994-இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதே குரும்பாபேட்டில் தொடங்கப்பட்டது.

இவற்றுக்கு அண்மையில் உள்ள மேட்டுப்பாளையம் (கோவை மாவட்டத்து மலையடிவார நகரம் வேறு) தொழிற்பேட்டையாலும் லாரி முனையத்தாலும் அறியப்படும் இடம். புறநகராக மாறிய இத்தகைய ஊர்களில் கொல்லை சுருங்கிவிட்டது. சுற்றுச்சுவர், மாடிப்படியின் அடிப்பகுதி, பக்கத்துக் காலிமனை ஆகியவையே மிஞ்சிய மேய்ச்சல் நிலம். பருந்தைவிடத் தெருநாயும் வண்டிச் சக்கரமும் இங்கே குஞ்சுக்குப் பெரிய பகை. ஆயினும் புறநகரில் கோழி குறைந்துவிட்டது என்று எளிதில் முடிவுகட்ட இயலாது. நாட்டுக்கோழிக்கும் அதன் முட்டைக்கும் நகரத்தில் கிடைக்கும் கூடுதல் விலை, நான்கு கோழி வைக்க இடமுள்ள வீட்டை மீண்டும் தூண்டியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 85.18 கோடி கோழியினங்களைக் காட்டியது. அவற்றுள் கொல்லைப்புறத்தில் இருந்தவை 31.7 கோடி, முந்தைய கணக்கெடுப்பைவிட இது ஏறத்தாழ 46 விழுக்காடு மிகுதி. மாநிலங்களில் தமிழ்நாடே முதலிடம்.

கூடவே வேறொன்றும் வந்திருக்கிறது. தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கருவி, நீர் நிரப்பிய கிண்ணம் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்யும் பொரிப்புப் பெட்டி தமிழகமெங்கும் பரவியிருக்கிறது. கோழியை அடையில் அமர்த்தாமல் முட்டையை மட்டும் பெட்டியில் வைப்பதால் ஈடுகளின் எண்ணிக்கை கூடும். மின்தடை நேரும் இரவில் முழு ஈடும் போய்விடுவது இதன் ஆபத்து. பொரித்தபின்னும் பல்பின் அடியில் வளரும் குஞ்சு, எதை உண்பது, எந்த நிழலைக் கண்டு பதுங்குவது என்பதை எவரிடமும் கற்பதில்லை. வெளியே விட்டால் முதலில் பிடிபடுவது அதுவே.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள். பெட்டியில் முட்டை வைக்கும் அன்றே, கேறிக்கொண்டிருக்கும் ஒரு கோழியின் அடியிலும் நான்கைந்து முட்டை வைப்பார்கள். இருபத்தோராம் நாள் இரவு, பெட்டியில் பொரித்து உலர்ந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, விளக்கை அணைத்துவிட்டு, அந்தக் கோழியின் இறக்கைக்கு அடியில் நுழைத்துவிடுவார்கள். காலையில் அது இருபது குஞ்சுகளோடு எழுந்து, மண்ணைக் கிளறி, கேறி அழைக்கும்.